பெரட்டுக்களத்தில் தூக்கிய கைகள்

பனி இன்னும் விலகவில்லை. குருவிமலைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு ஆட்கள் ஒவ்வொருவராகப் பெரட்டுக்களத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். தினமும் காலையில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலையில் கொழுந்தெடுக்க வேண்டும் என்று பிரித்து அனுப்பும் இடம் அது. ஒரு தகரக் கொட்டகை, அதற்கு முன்னால் மண் தரை. கணக்கப்பிள்ளை கொட்டகைக்குள் நிற்பார். ஆட்கள் மண் தரையில் நிற்பார்கள். மழை பெய்தாலும் அப்படித்தான்.

சிவசக்தி இந்தத் தோட்டத்தில் பிறந்தவள். இன்றுதான் முதல் தடவையாகக் கொட்டகைக்குள் நின்றாள்.

அவளோடு ஷாஹ்மியும் ரொஷானியும் நின்றார்கள். மூவரும் பதுளையில் பொறியியல் படிக்கும் மாணவர்கள், ஒரே குழு. ஷாஹ்மி வெலிமடைக்காரன். ரொஷானி பதுளை டவுன். சற்றுத் தள்ளி அவர்களுடைய விரிவுரையாளர் கஜேந்திரன் கைகளை முன்னால் கோர்த்துக்கொண்டு நின்றார். பொறியியல் அறநெறியும் நிலைபேறான அபிவிருத்தியும் என்ற பாடம் அவருடையது. அந்தப் பாடத்துக்காகத்தான் வந்திருந்தார்கள்.

"பதுளையில இருந்து சேர் வந்திருக்காரு. நம்ம பெரியாயி மகளும் அங்கதான் படிக்குது. எல்லாம் இஞ்சினியர் ஆகப்போற புள்ளைங்க. என்னமோ சொல்ல வந்திருக்காங்க, கேட்டுக்கங்க" என்றார் கணக்கப்பிள்ளை முருகையா. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சுருக்கா."

கூட்டத்தின் பின்னாலிருந்து தம்பையாவின் குரல் வந்தது. செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியோடு எப்போதும் கடைசியில் நிற்கும் மனிதர். "ஐயா, போன தடவ பைப் போடுறோம்னு வந்து போட்டோ புடிச்சிட்டுப் போனாங்களே, அவங்களா இவங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். முருகையாவும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "தம்பையா, ஒனக்கு இன்னைக்கு மேல்மலை."

சிரிப்பு இன்னும் கூடியது. மேல்மலைக்கு ஏறுவதற்கே மூச்சு வாங்கும். அங்கே அட்டைக்கடியும் அதிகம். கஜேந்திரன் சேரும் சிரித்தார். தம்பையா மட்டும் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

ஷாஹ்மி அட்டையில் வரைந்த படத்தை உயர்த்திப் பிடித்தான். அவனுக்குப் பேச்சு நன்றாக வரும். லயத்து வரிசை வீடுகளின் வடிகால் கான்களில் ஓடும் அழுக்குத் தண்ணீர் நேராக ஓடையில் விழுவதையும், அந்த ஓடையில்தான் கீழேயுள்ள ஆட்கள் குளிப்பதையும், பிள்ளைகளுக்குச் சொறி வருவதையும் சொன்னான். கான் முடியும் இடத்தில் ஒரு பள்ளம் வெட்டி, கல்லும் மணலும் நிரப்பி, நாணல் நட்டு, தண்ணீரை அதற்குள்ளால் மெதுவாக விட்டால் அழுக்கு தங்கிவிடும் என்றான். "கரண்ட் தேவையில்ல. மருந்து தேவையில்ல. ஒங்கட பேரப்புள்ளைகள் காலத்துக்கும் ஈக்கும்."

படத்தில் அந்தப் பள்ளம் பச்சை நிறத்தில் நீள்சதுரமாக இருந்தது. நல்ல பச்சை. ரொஷானி நிறம் தீட்டியது.

"கான் முடியிற எடத்துல இருக்கிற சமதரை. அங்கதான் வரும்" என்றான் ஷாஹ்மி.

சிவசக்தி கூட்டத்தைப் பார்க்கவில்லை. பச்சை நீள்சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சம்மதமானவங்க கையத் தூக்குங்க" என்றான் ஷாஹ்மி.

ஒரு கணம் யாரும் அசையவில்லை. விருப்பமில்லாததால் அல்ல. அந்த இடத்தில் அவர்களிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. முருகையா இருமினார். "ம்... தூக்குங்க, தூக்குங்க. மலைக்குப் போகணுமில்ல."

கைகள் எழுந்தன. கொழுந்துக் கறை படிந்த விரல்கள், கிழிந்த பொலித்தீன் சுற்றிய மணிக்கட்டுகள். அப்போதுதான் சிவசக்தி நிமிர்ந்தாள். இரண்டாவது வரிசையில் அம்மா நின்றாள். தலையில் கூடைக் கயிறு. எல்லோரும் கை தூக்கிய பிறகும் அம்மாவின் கை கீழேயே இருந்தது. அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினாள். மற்றவர்களுடையதைவிட உயரமாக, பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த பிள்ளை தூக்குவதைப் போல. முகத்தில் சிரிப்பும் இருந்தது.

கஜேந்திரன் சேர் தன் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

*

அந்தச் சமதரை அம்மாவினுடையது.

அம்மாவினுடையது என்று சொல்ல உறுதிப் பத்திரம் கிடையாது. தோட்டத்துக் காணி தோட்டத்துக்குத்தான். ஆனால் லயத்துக்குக் கீழே, கான் முடியும் இடத்தில் கிடந்த கற்களைப் பொறுக்கி எறிந்து, கானின் வண்டலையே உரமாகப் போட்டு, அந்தத் துண்டை மண்ணாக்கியது அம்மா. போஞ்சி, கேரட், கொஞ்சம் உருளைக்கிழங்கு. அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். வேலை விட்டு வந்ததும் அம்மா வீட்டுக்குள் போகாமல் முதலில் அங்கே இறங்குவாள். இருட்டும்வரை அங்கேயே இருப்பாள். அங்கே வேலை அதிகம் இருந்ததால் அல்ல என்று சிவசக்திக்கு வளர்ந்த பிறகு தோன்றியிருக்கிறது. அவளை யாரும் பெயர் கூப்பிடாத இடம் அது ஒன்றுதான்.

ஒரு மாதத்துக்கு முன்பு மூவரும் இடம் பார்க்க வந்தபோது, ஷாஹ்மி கானின் வழியே இறங்கி வந்து அந்தச் சமதரையில் நின்று கைகளை விரித்தான். "இதுதான். தண்ணி தானாவே வந்து சேரும். இதவிட நல்ல எடம் ஈக்க ஏலாது."

காட்டுப் பன்றிக்காக அம்மா சுற்றிலும் வேலி கட்டியிருந்தாள். உரப்பைகள், மழைக்குப் போர்த்தும் ஒரு பழைய கொங்காணி, பழைய சேலைகள். மழையில் நனைந்து நிறம் போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. ரொஷானி மூக்கைச் சுருக்கினாள். அவள் கெட்டவள் இல்லை. வாயில் வந்ததைச் சொல்பவள். "இதென்ன, லயத்துக் குப்பையெல்லாம் இங்கயா காயப்போடுறாங்க?"

சிவசக்தி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை. வேலியில் கட்டியிருந்த நீலச் சேலை, அவள் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடத் தீபாவளிக்கு அம்மா எடுத்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்தாள்.

"இது யாருட?" என்று ஷாஹ்மி கேட்டான்.

"தோட்டத்துக் காணிதான்" என்றாள்.

பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால் பிறகு திருத்தியிருக்கலாம். உண்மையைச் சொல்லித் தப்பித்ததால் திரும்பிப் போக வழியில்லாமல் போயிற்று. சிரித்த பிறகு "அது எங்களுடையது" என்று எப்படிச் சொல்வது? அன்று மாலை பஸ்ஸில் சொல்ல நினைத்தாள். மறுநாள் வகுப்பில் சொல்ல நினைத்தாள். அதற்குள் ஷாஹ்மி நீர்மட்டம் கணக்கிட்டிருந்தான், ரொஷானி பச்சை தீட்டியிருந்தாள்.

கஜேந்திரன் சேரின் வகுப்பு எல்லோருக்கும் பயம். அவர் திட்டமாட்டார். ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஜன்னலருகே போய் நின்றுவிடுவார். யாராவது வாய் திறக்கும்வரை நாமுனுகுல மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். "நீங்க கட்டுற ஒன்னு யாரோட வாழ்க்கைக்குள்ள போய் நிக்கப்போகுது?" என்று ஒருநாள் கேட்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் அவரே சொன்னார்: "அந்த ஆளுங்ககிட்ட கேக்காம நீங்க ஒரு கல்லும் வைக்கக் கூடாது. மக்கள் சம்மதம் இல்லாத திட்டத்துக்கு எங்கிட்ட புள்ளி இல்ல."

வீடு வீடாகப் போவோம் என்று ஷாஹ்மிதான் முதலில் சொன்னான். கீழ்ப்பிரிவில் லயங்கள் மலைச்சரிவெங்கும் சிதறிக் கிடந்தன. மாணவர் திட்டங்களைக் காட்டும் கண்காட்சிக்கு முன்னால் முடியாது என்று ரொஷானி கவலைப்பட்டாள்.

"பெரட்டுக்குப் போனா எல்லாரையும் ஒரே எடத்துல பாக்கலாம்" என்றாள் சிவசக்தி.

வீடு வீடாகப் போனால் அவளுடைய வீட்டுக்கும் போகவேண்டும். அதை நினைத்துத்தான் சொன்னாளா? அப்படி முழுதாக நினைக்கவில்லை. ஆனால் பெரட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தண்ணீர் கீழே ஓடும் என்பது தெரிவதைப் போலத் தெரியும்.

*

பெரட்டு முடிந்ததும் சேரை இடம் காட்டக் கூட்டிப்போனார்கள். அம்மாவின் தோட்டத்துக்கு இறங்காமல் மேலே ரோட்டில் நின்றே ஷாஹ்மி விளக்கினான். பனிக்குள் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. சேர் தலையாட்டினார். பிறகு ஓடை, கீழ் லயம், பாலம் என்று சுற்றிவிட்டு வந்தபோது வெயில் ஏறியிருந்தது.

பகல் சாப்பாடு சிவசக்தியின் வீட்டில். அம்மா அரை நாள் வேலையோடு வந்திருப்பாள் என்றுதான் நினைத்தாள். ஆனால் அம்மா அன்று மலைக்கே போயிருக்கவில்லை. முன் அறையில் பாய் விரித்திருந்தது. சேருக்கு மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய ஒரு பிளாஸ்டிக் கதிரை. சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் குழம்பு, கேரட் சம்பல், போஞ்சிப் பிரட்டல். எல்லாம் ஏனங்களில் நிறைந்து இருந்தது. அவர்கள் வீட்டில் ஒரே நாளில் இவ்வளவு கறி சமைத்து அவள் பார்த்ததில்லை.

"ஆன்ட்டி, இப்படிப் பிஞ்சுப் போஞ்சி பதுளை மார்க்கெட்ல தேடினாலும் கிடைக்காது" என்றாள் ரொஷானி. "எங்க அம்மா வாங்குறதெல்லாம் கயிறு மாதிரி இருக்கும்."

"நல்லா சாப்பிடு தாயி. எளசா இருந்தா சீக்கிரம் வெந்துரும்."

"சிவசக்தி, நீ இதெல்லாம் சாப்பிட்டுட்டா ஹொஸ்டல் சோத்துக்கு அழுகுற?" என்றான் ஷாஹ்மி. "நான் இங்கயே இருந்துட்டுப் போறேன் ஆன்ட்டி. நாணலுக்கு நானே காவல்."

"இரேன் தம்பி. பண்டி வந்தா வெரட்டத் தெரியுமா?"

"பண்டி என்னயக் கண்டு பயப்படுமா, நான் பண்டியக் கண்டு பயப்படுவேனா, அது அந்த நேரம்தான் தெரியும்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கஜேந்திரன் சேர் இரண்டாம் தரம் போஞ்சி கேட்டு வாங்கினார். ரசித்து, மெதுவாக, கண்ணை மூடிச் சாப்பிட்டார்.

சிவசக்தியின் தட்டில் உருளைக்கிழங்குகள் உருண்டன. பிள்ளைகள் விளையாடும் போளைக் குண்டளவுதான் இருந்தன. கேரட் துருவலில் நிறம் கூட ஏறவில்லை. போஞ்சிக்குள் விதை என்பதே இல்லை. எந்தச் செடியிலிருந்தும் இந்த நேரத்தில் யாரும் இதைப் பறிக்கமாட்டார்கள். வாயில் வைத்த கவளத்தை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சேர் பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கினாள்.

"தண்ணி எடுத்துட்டு வாறேன்" என்று எழுந்து பின்பக்கம் போனாள்.

சமையல் குசினி வாசலில் நின்றால் கீழே தோட்டம் தெரியும். பனி இல்லை இப்போது. பாத்திகள் கிளறிக் கிடந்தன. போஞ்சிக் கொடிகள் குச்சிகளோடு பிடுங்கி ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன. வேலியில் இருந்த சேலைகள் அவிழ்க்கப்பட்டு, அலசி, பின்பக்கத் துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. நீலச் சேலையும்.

அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"ஏம்மா எல்லாத்தையும் புடுங்கின?"

"நீங்க வெட்டப்போறீங்கல்ல. மண்ணுக்குள்ள கெடந்து அழுகவா? வந்த புள்ளைங்க வயித்துக்காவது போகட்டும்."

"அடுத்த கிழமைதானே வெட்டுவோம்."

"அடுத்த கிழமைன்னா மட்டும் காய் முத்திருமா?"

உள்ளே ஷாஹ்மி என்னவோ சொல்ல, சேர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"வேணாம்னா ஏம்மா கை தூக்கின?"

அம்மா அவளை வினோதமாகப் பார்த்தாள். "பெரட்டுல யாரு வேணாம்னு சொல்லியிருக்கா? நீ கண்டிருக்கியா? தம்பையா அண்ணன் ஒரு வார்த்த கேட்டாரு. இப்ப எங்க நிக்கிறாரு?"

சிவசக்தி செம்பை எடுத்துத் தண்ணீர் மொண்டாள்.

"அதுவும் நீ முன்னுக்கு நிக்கிற. சேர் நிக்கிறாரு. என் கை மட்டும் கீழ இருந்தா ஒனக்கு என்ன மரியாத?" கொடியில் தொங்கிய சேலையின் நுனியைப் பிடித்து ஈரம் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "இது நம்ம தோட்டம்னு நீ சொல்லல. சொல்லலன்னா ஒனக்கு ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன். படிச்ச புள்ள. அதக் கேக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

பிறகு, "தண்ணி கொண்டு போ, விக்கப்போகுது அவங்களுக்கு" என்றாள்.

*

பஸ்ஸில் ரொஷானி அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சிவசக்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மலைகளில் பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். மேல்மலை எந்தப் பக்கம் என்று தேடி, கண்டுபிடித்து, உடனே பார்வையை எடுத்தாள்.

அந்தக் கிழமை அவள் வீட்டுக்குப் போன் எடுத்தபோது அம்மா, "சேருக்கு சாப்பாடு புடிச்சிச்சாமா?" என்று கேட்டாள். புடிச்சது என்றாள். "நாணல் எங்க வாங்குவீங்க?" என்று கேட்டாள். பார்ப்போம் என்றாள். பெரட்டுக்கு முந்திய கிழமைகளில் அம்மா அந்த நேரத்தில் தோட்டத்தில் நின்றுதான் பேசுவாள். காற்றும் கான் தண்ணீரும் கேட்கும். இப்போது சுவருக்குள்ளிருந்து பேசும் சத்தம். அந்த வித்தியாசத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தாள்.

குழுக்கள் திட்டத்தை முன்வைக்கும் நாள் வந்தது. ஷாஹ்மி புதிய சட்டை போட்டிருந்தான். திரையில் ஓடையின் படம், கானின் படம், கணக்குகள். கடைசியில் கஜேந்திரன் சேர் பிடித்த படம் வந்தது. பனிக்குள் தூக்கிய கைகள். வகுப்பில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அழகான படம்தான்.

"மக்கள் சம்மதம். நூறு வீதம் சேர்" என்றான் ஷாஹ்மி.

சேர் புன்னகைத்தார். கண்காட்சிப் பலகைக்கு அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடிக்கக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். வழக்கம் மாறாமல் ஒரு கேள்வி கேட்டார், எல்லாக் குழுவிடமும் கேட்ட கேள்வி: "இந்தத் திட்டத்தால யாராவது எதையாவது இழக்கிறாங்களா?"

ஜன்னலருகே போனார்.

"இல்ல சேர்" என்று ஷாஹ்மி உடனே சொன்னான். "தோட்டத்துக் காணி. சும்மா கிடந்த எடம்."

அது அவளுடைய சொல். அவன் வாயில் அது சற்று வளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

சிவசக்தி எழுந்து நின்றாள் என்று சொல்லமுடியாது. அவள் ஏற்கெனவே முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திரைக்குப் போய், இரண்டாவது வரிசையில் எல்லாக் கைகளுக்கும் மேலே நிற்கும் கையைத் தொட்டாள். வெளிச்சம் அவள் விரலிலும் விழுந்தது.

"இது எங்க அம்மா" என்றாள். "அது அவங்க தோட்டம். சும்மா கெடந்த எடம் இல்ல."

ஷாஹ்மி கையிலிருந்த குறிப்புத் தாளை இறக்கினான்.

"நான்தான் சொல்லல. பெரட்டுல வச்சுக் கேப்போம்னு சொன்னதும் நான்தான். அங்க யாரும் வேணாம்னு சொல்லமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்." ரொஷானியைப் பார்க்காமல் தொடர்ந்தாள். "அந்த வேலியில கட்டியிருந்தது எங்க அம்மா சேலை. நாம அன்னைக்குச் சாப்பிட்ட போஞ்சி, கேரட், எல்லாம் அந்தத் தோட்டத்துல இருந்துதான். வெட்டப்போறோம்னு காலையிலயே புடுங்கிட்டாங்க."

ரொஷானி கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அண்டைக்கே செல்லியிருந்தா என்ன?" ஷாஹ்மி அவள் பக்கம் திரும்பினான். "நான் ஒன்கிட்டதானே கேட்டேன். யாருட எடம்னு கேட்டேன்தானே?"

"கேட்ட."

"பின்ன?"

சிரித்தேன், அதனால் சொல்லமுடியவில்லை என்பது ஒரு பதிலா? மின்விசிறி சுற்றியது. வகுப்பு சேரைப் பார்த்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் அவருடைய மௌனத்தில் ஒரு காத்திருப்பு இருக்கும், அடுத்தவர் பேசவேண்டும் என்ற ஒரு பிடிவாதம். இன்று அது இல்லை. அவர் திரும்பி வந்து, தானே கணினியை மூடினார். கைகள் திரையிலிருந்து மறைந்தன.

"முருகையா அந்த மனுசன மேல்மலைக்குப் போட்டப்ப நானும் சிரிச்சேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "எனக்குப் புரியாம இல்ல. ஆனா நேரம் போகுதேன்னு நெனச்சேன்." சற்றுப் பொறுத்து, "போஞ்சி ரெண்டாந்தரம் கேட்டேன்" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

அச்சடித்த படத்தைக் கண்காட்சிக்கு வைக்கவேண்டாம் என்று போனில் யாரிடமோ சொன்னார். புள்ளி பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மூவரும் மட்டும் நின்றார்கள்.

"திரும்பப் போய்க் கேளுங்க" என்றார் சேர். "ஞாயித்துக்கிழமை, வேலை இல்லாத நாள். வீடு வீடா."

"நீங்க வாறீங்களா சேர்?" என்று ரொஷானி கேட்டாள்.

"நான் வந்தா அவங்க கதிரை தேடுவாங்க."

*

ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனார்கள். படம் கொண்டுபோகவில்லை. பஸ்ஸில் ஷாஹ்மி தனி இருக்கையில் உட்கார்ந்தான். ரொஷானி சிவசக்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பண்டாரவளை தாண்டியதும், "நான் அன்னைக்குக் குப்பைன்னு..." என்று தொடங்கினாள்.

"நான் சிரிச்சேனே" என்றாள் சிவசக்தி.

ரொஷானி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

மேல் லயத்திலிருந்து தொடங்கினார்கள். முதல் வீடுகளில் எல்லோரும், "அன்னைக்கே கை தூக்கினோமே" என்றார்கள். "அது அன்னைக்கு. இப்ப ஒங்க வீட்டு வாசல்ல கேக்கிறோம்" என்று ஷாஹ்மி சொல்லிச் சொல்லி அலுத்தான். பிறகு மெதுவாகப் பேச்சு வந்தது. ஒரு வீட்டில் முதலில் கானை மூடித் தரச் சொன்னார்கள், பிள்ளை ஒன்று விழுந்து கால் முறிந்ததாம். இன்னொரு வீட்டில் நுளம்பு பெருகிக் கடிக்காதா என்று கேட்டார்கள். தம்பையா வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஓடை சுத்தமாகணும் தம்பி, அது நல்ல வேலை. அத யாரு வேணாம்னா?" என்றார். "ஆனா அந்தப் பொம்பள மரக்கறிக் காட்ட ஏன்டா புடிக்கிறீங்க? கான் ஓரத்துலயே படி படியா வெட்டலாமே." பிறகு சிவசக்தியைப் பார்த்து, "ஒங்க அம்மாகிட்ட நான் ரெண்டு தடவ சொன்னேன், மககிட்ட சொல்லுன்னு. அதுக்கு வாய் எங்க இருக்கு!" என்றார்.

படி படியாக வெட்டும் யோசனை ஷாஹ்மியின் முதல் வரைபடத்திலேயே இருந்தது. சரிவில் கல் கட்டவேண்டும், வேலை அதிகம், கண்காட்சிக்குள் முடியாது என்று விட்டிருந்தான்.

கடைசியில் சிவசக்தியின் வீட்டுக்கு வந்தார்கள்.

அம்மா மூவரையும் கண்டதும் உள்ளே திரும்பினாள், தேத்தண்ணி வைக்க. ஷாஹ்மி, "ஆன்ட்டி, ஒன்னும் வேணாம். கொஞ்சம் உக்காருங்க" என்றான். அவனே வாசற்படியில் உட்கார்ந்தான், அவள் கதிரை தேடுவதற்குள். ரொஷானியும் உட்கார்ந்தாள். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த சமதரைய நாங்க எடுக்கலாமா, எடுக்கக் கூடாதா? எங்களுக்குக் கோவம் வராது. நீங்க செல்றதுதான் முடிவு."

அம்மா அவனைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தாள். என்ன சொன்னால் இந்தப் பிள்ளைக்கு நல்லது என்று அந்த முகத்தில் தேடினாள். களத்தில் நின்று பார்த்த அதே பார்வை. சிவசக்தி தன் முகத்தில் எதையும் காட்டாமலிருக்கப் பார்த்தாள். அதுவும் அம்மாவுக்கு ஒரு கட்டளையாகத் தெரியும் என்று உடனே புரிந்தது. தான் அங்கே நிற்கும்வரை அம்மாவுக்குத் தன் வாய் தன்னுடையதாக இருக்காது.

"நான் கீழ போறேன்" என்றாள்.

"எங்க போற? வந்ததும் வராததுமா?" என்றாள் அம்மா.

சிவசக்தி குசினிப் பக்கமாக இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. தோட்டத்தில் மண் காய்ந்து கட்டிதட்டியிருந்தது. பிடுங்கிய கொடிகள் ஓரத்தில் கறுத்துக் கிடந்தன. இங்கிருந்து மேலே பேசுவது கேட்காது. கான் தண்ணீர் மட்டும் கேட்டது, சவர்க்கார நுரையோடு, ஓடையை நோக்கி. அதுவும் நின்றுவிடப்போவதில்லை.

வெகுநேரம் நின்றாள். அம்மா சம்மதம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தாள். வேண்டாம் என்று சொன்னால் மட்டும் என்ன? அம்மா தன் தோட்டத்தைத் தனக்கு வேண்டும் என்று சொல்ல, மகள் கண்ணுக்கு மறைவாகப் போகவேண்டியிருந்தது. அது மாறப்போவதில்லை. குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து விரலால் உடைத்தாள். அதற்குள் ஒரு சின்ன உருளைக்கிழங்கு இருந்தது, அம்மாவின் கைக்குத் தப்பியது. அதை மறுபடி மண்ணுக்குள் வைத்து மூடினாள்.

கால் சத்தம் கேட்டது. ஷாஹ்மி இறங்கி வந்தான். தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. வேலிக் குச்சிகளுக்கு வெளியே சுற்றி, கானின் ஓரமாக, தம்பையா சொன்ன சரிவுக்குப் போனான். அவள் பக்கம் பார்க்காமலே பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தான். ஒரு நுனியைக் கல்லில் ஊன்றப் பார்த்தான், அது நழுவியது. மறுபடி ஊன்றினான்.

மேலே குசினி வாசலில் அம்மா வந்து நின்றாள். கையில் துவைத்து மடித்த சேலைகள் இருந்தன. இறங்கி வரவில்லை. தோட்டத்தையும் அதற்குள் நிற்கும் மகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சும்மா நிக்காம இதப் புடி" என்றான் ஷாஹ்மி.

சிவசக்தி குச்சிகளைத் தாண்டி வெளியே வந்து, நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.